குத்துச்சண்டை மத்தியஸ்தம்: வன்னியில் ஒரு போட்டியை முறையாக நடத்த முழுமையான வழிகாட்டி

வன்னியில் குத்துச்சண்டை பழகுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், பழக்குகிற பயிற்றுநர்களும் இருக்கிறார்கள். ஒரு போட்டி வைப்போம் என்று கழகங்கள் கூடிப் பேசும்போது தட்டுப்பாடு வருவது வேறோர் இடத்தில். வளையத்துக்குள் நிற்க ஒரு மத்தியஸ்தர், வெளியே இருந்து புள்ளி போட நடுவர்கள், நேரம் பார்த்து மணியடிக்க ஒருவர், இவர்கள்தான் கிடைப்பதில்லை. தென்னிலங்கைப் பாடசாலைகளில் ஸ்டப்ஸ் கேடயக் குத்துச்சண்டைப் போட்டி 1914இலேயே தொடங்கிவிட்டது. அங்கே மூத்த மத்தியஸ்தர்கள் இளையவர்களைப் பக்கத்தில் வைத்துப் பழக்கிவிடுகிறார்கள். எங்களுக்கு அந்தத் தொடர்ச்சி இல்லை. ஆகவே எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

கழகம், பிரதேசம், மாவட்டம் ஆகிய மட்டங்களில் போட்டி நடத்துபவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதற்கு மேலே நிற்க விரும்புபவர்கள் தேசியச் சங்கத்தின் ஊடாகத் தகுதி பெற வேண்டும். எந்த மட்டமானாலும் ஒன்று மாறாது. மத்தியஸ்தரின் முதல் வேலை, உள்ளே வந்த இரண்டு பிள்ளைகளும் நல்லபடியாக வீட்டுக்குப் போவதைப் பார்ப்பது. யார் வென்றது என்பதை நடுவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

யார் யார் வேண்டும்

ஒரு மேற்பார்வையாளர், மாறி மாறி உள்ளே இறங்க இரண்டு மூன்று மத்தியஸ்தர்கள், ஐந்து நடுவர்கள், நேரக்கணிப்பாளர், அறிவிப்பாளர், கையுறை மேசைக்கு ஒருவர், வைத்தியர். சிறிய போட்டியென்றால் நடுவர்கள் மூன்று பேரோடு சமாளிக்கலாம். வைத்தியர் இல்லாமல் சமாளிக்க முடியாது. அவர் வந்து கதிரையில் இருக்கும்வரை முதல் மணி அடிக்கக் கூடாது. காயப்பட்ட ஒருவரோடு அவர் அம்புலன்ஸில் போய்விட்டால், திரும்பி வரும்வரை அல்லது இன்னொருவர் வரும்வரை போட்டி நிற்க வேண்டும். பிரதம விருந்தினர் காத்திருக்கிறார், சனம் சத்தம் போடுகிறது என்று இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எங்கள் பகுதியில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். மாமன் மச்சான், படிப்பித்த பிள்ளை, ஒரே கழகத்தார் என்று ஏதாவது ஒரு தொடர்பு இருக்கும். அதற்காக நடுவர்களை வெளி மாவட்டத்திலிருந்துதான் கொண்டுவர வேண்டும் என்றில்லை. ஒவ்வொரு நடுவரிடமும் காலையிலேயே கேளுங்கள்: இன்று ஆடுகிற யாரோடு உங்களுக்கு உறவு, எந்தக் கழகத்தோடு தொடர்பு? எழுதி வைத்து, அந்தச் சண்டைகளில் அவரை இருத்தாதீர்கள். கேட்பதில் சங்கடம் ஒன்றும் இல்லை. பிறகு ஊரில் கதை வருவதுதான் சங்கடம்.

முதல் நாள்: வளையத்தைப் பார்ப்பது

சர்வதேச அளவில் வளையம் கயிறுகளுக்கு உள்ளே 6.10 மீற்றர் சதுரம். கயிறு நான்கு, நிலத்தட்டிலிருந்து 40, 70, 100, 130 சென்ரிமீற்றர் உயரங்களில். எதிரெதிர் மூலைகளில் ஒன்று சிவப்பு, ஒன்று நீலம், மற்ற இரண்டும் வெள்ளை. வாடகைக்கு எடுத்த வளையம் கொஞ்சம் சிறிதாக இருந்தால் சமாளிக்கலாம். கயிறு தொய்ந்திருந்தால் சமாளிக்க முடியாது. ஒரு பெரிய ஆள் முதுகால் சாய்ந்து பார்க்கட்டும். கயிறுகளுக்கு நடுவால் உடம்பு வெளியே போனால் இறுக்கிக் கட்டுங்கள். மூலைத் தூண்களின் மெத்தையை அழுத்திப் பாருங்கள். வெறுங்காலோடு தட்டு முழுவதும் நடந்து, பலகை இடைவெளி, ஆணித் தலை, மெத்தை இல்லாத இடம் எல்லாவற்றையும் கண்டுபிடியுங்கள்.

திறந்த மைதானமாக இருந்தால் சோளகக் காற்றை மறக்க வேண்டாம். வைகாசியிலிருந்து அது புழுதியை அள்ளிக்கொண்டு வந்து கன்வஸில் கொட்டும். புழுதியோடு வியர்வை சேர்ந்தால் கால் வழுக்கும். ஒவ்வொரு சண்டைக்கும் இடையில் துடைக்க ஒரு துடைப்பானும் இரண்டு காய்ந்த துவாய்களும் வளையத்தோடேயே இருக்கட்டும். மாரி காலமென்றால் பொதுநோக்கு மண்டபத்துக்குள் போய்விடுவதே நல்லது. மின்சாரம் நின்றுபோனால் என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். விளக்கு அணைந்த அந்த நொடியில் மத்தியஸ்தர் இருவருக்கும் நடுவில் நிற்க வேண்டும், நேரக்கணிப்பாளர் கடிகாரத்தை நிறுத்த வேண்டும்.

காலை: வைத்தியரும் தராசும் பத்திரங்களும்

வயதுப் பிரிவுகள் பிறந்த ஆண்டை வைத்து: 13–14, 15–16, 17–18, அதற்கு மேல் 19 முதல் 40 வரை. நிறை ஒன்றாக இருக்கிறது என்பதற்காகப் பதினைந்து வயதுப் பிள்ளையைப் பதினெட்டு வயதுக்காரரோடு விடக் கூடாது. எலும்பும் தசையும் வேறு. இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்த குடும்பங்கள் இங்கே பல. பிறப்புச் சான்றிதழின் பிரதி, தேசிய அடையாள அட்டை, பாடசாலை அதிபரின் கடிதம் என்று எதை ஏற்றுக்கொள்வீர்கள் என்பதை அழைப்பிதழிலேயே எழுதிவிடுங்கள். வந்த பிள்ளையைத் தராசடியில் வைத்துத் திருப்பி அனுப்புவது பெரிய கொடுமை. பதினெட்டுக்குக் கீழே என்றால் பெற்றோரின் கையெழுத்து வேண்டும். அம்மம்மாவோ சித்தியோ வளர்க்கிற பிள்ளை என்றால் அந்தப் பாதுகாவலரின் கையெழுத்து.

வைத்தியப் பரிசோதனையில் வழக்கமான கேள்விகளோடு வன்னிக்கென்று இரண்டு கேள்வி சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒன்று, உடம்பில் செல் (எறிகணை) துண்டு ஏதும் இருக்கிறதா, எங்கே? வளர்ந்தோர் பிரிவில் வருபவர்களில் சிலர் போர்க்காலத்தில் சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்கள். தலையிலோ கழுத்திலோ நெஞ்சிலோ துண்டோடு வாழ்கிறவர்கள் அதைச் சொல்லப் பழகியிருக்க மாட்டார்கள். ஆடலாமா கூடாதா என்பது வைத்தியரின் முடிவு, ஆனால் கேட்டால்தான் அவருக்குத் தெரியும். மற்றது, இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறதா? வெடிச்சத்தத்தில் காது பாதித்த ஒருவருக்குச் சனத்தின் கூச்சலுக்குள் 'ஸ்டொப்' என்ற சொல் போய்ச் சேராது. இதையெல்லாம் கூட்டத்தில் வைத்துக் கேட்காமல், மறைவான இடத்தில் தனித்தனியாகக் கேளுங்கள். வீராங்கனைகளைப் பரிசோதிக்கவும் நிறுக்கவும் பெண்களே இருக்க வேண்டும். கர்ப்பம் இல்லை என்ற உறுதிமொழியும் அங்கேயே பெறப்பட வேண்டும்.

நிறை பார்த்து முடிந்ததற்கும் முதல் சண்டைக்கும் இடையில் குறைந்தது மூன்று மணித்தியாலம் விடுங்கள். அந்த நேரத்தில் பிள்ளை சாப்பிட்டுத் தண்ணீர் குடித்துத் தேற வேண்டும். நிறை குறைப்பதற்காகச் சித்திரை வெயிலில் ஜக்கற் போட்டு ஓடிவிட்டு, உதடு வெடித்துக் கண் குழி விழுந்து வருகிற பிள்ளையைக் கண்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். தராசு சரியென்று சொன்னாலும் உடம்பு சரியென்று சொல்ல வேண்டும்.

விதிக் கூட்டம்

பயிற்றுநர்கள் எல்லோரையும் கூப்பிட்டுப் பத்து நிமிடம் பேசுங்கள். எந்த விதிநூலின் எந்தப் பதிப்பின்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள். இது இப்போது முக்கியம். பழைய சர்வதேசக் குத்துச்சண்டைச் சங்கத்துக்கு (ஐபிஏ) வழங்கிய அங்கீகாரத்தை ஒலிம்பிக் குழு 2023இல் விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு உருவான வேர்ல்ட் பொக்ஸிங் அமைப்புக்கு 2025இல் தற்காலிக அங்கீகாரம் கிடைத்தது. பயிற்றுநர்கள் ஒவ்வொருவரும் வெவ்வேறு காலத்தில் படித்தவர்கள், ஒவ்வொருவர் மனதிலும் ஒவ்வொரு விதி இருக்கும்.

சுற்றுகள்: பெரியவர்களுக்கும் 17–18க்கும் மூன்று நிமிடமாக மூன்று, 15–16க்கு இரண்டு நிமிடமாக மூன்று, 13–14க்கு ஒன்றரை நிமிடமாக மூன்று. இடையில் ஒரு நிமிடம் ஓய்வு. குத்து வாங்கி விழுந்தவருக்கோ தடுமாறியவருக்கோ மத்தியஸ்தர் எட்டு வரை எண்ணுவது ஓர் எண்ணிக்கை; எத்தனை முறை அப்படி எண்ணினால் சண்டையை நிறுத்துவீர்கள் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். ஒரே சுற்றில் மூன்று எண்ணிக்கை என்பது நெடுங்கால வழக்கம். சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவாக வைத்தால் நான் சந்தோசப்படுவேன்.

மத்தியஸ்தர் உள்ளே இறங்குமுன்

வெள்ளைச் சேர்ட், கறுப்புக் காற்சட்டை, கறுப்பு போ டை, குதி இல்லாத மெல்லிய சப்பாத்து. மூக்குக்கண்ணாடி, மணிக்கூடு, மோதிரம் கூடாது. இரத்தத்துக்காக வைத்தியசாலைக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

வீரர்கள் ஏறியதும் ஒவ்வொருவரிடமும் போய்த் தொட்டுப் பாருங்கள். கையுறை இலகு நிறை ஆண்களுக்கு 10 அவுன்ஸ், கூடிய நிறை ஆண்களுக்கு 12; எந்த நிறையிலிருந்து என்பது விதிநூலில் இருக்கும். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் எல்லா நிறையிலும் 10. நாடாவின் நுனி வெளியே தொங்கக் கூடாது. கீழ்க்காப்பு (இடுப்புக்குக் கீழ் அடிபடாமல் காப்பது) இருக்கிறதா? கம் சீல்ட் (பற்காப்பு) பல்லில் சரியாகப் பொருந்துகிறதா? கம் சீல்ட் சிவப்பு நிறமாக இருந்தால் விடாதீர்கள், வாயில் இரத்தம் வந்தால் தெரியாது. பெரிய ஆண்களுக்குத் தலைக்கவசம் 2013இல் எடுக்கப்பட்டுவிட்டது, மற்ற எல்லோருக்கும் உண்டு. கவசத்தின் நாடாவை நாடியின் கீழே இழுத்துப் பாருங்கள். இரவல் கவசம் பெரிதாக இருந்து கண்ணை மறைத்தால் அடி வருவதே தெரியாமல் போய்விடும்.

உள்ளே

வீரர்களுக்குச் சொல்வது மூன்று சொற்கள்தான், உலகம் முழுவதும் அவையே. 'ஸ்டொப்' என்றால் இருவரும் நிறுத்த வேண்டும். 'பொக்ஸ்' என்றால் தொடங்கலாம். 'பிரேக்' என்றால் கட்டிப்பிடித்தவர்கள் விட்டுவிட்டு ஓரடி பின்னால் வைத்த பிறகுதான் மீண்டும் குத்தலாம். பின்னால் வைக்காமல் அங்கேயே ஒரு குத்து விடுவது தவறு. சொற்களை வயிற்றிலிருந்து சொல்லுங்கள். எங்கள் ஊரில் ஒலிபெருக்கியும் கூச்சலும் காதைக் கிழிக்கும். ஒவ்வொரு சொல்லோடும் கையும் பேசட்டும்.

இருவரையும் ஒரே பார்வையில் காணக்கூடிய இடத்தில், மூவரும் ஒரு முக்கோணமாக நில்லுங்கள். ஒருவருடைய முதுகுதான் தெரிகிறது என்றால் நீங்கள் பிழையான இடத்தில் நிற்கிறீர்கள், உடனே நகருங்கள். வலக்கைக்காரரும் இடதுகைக்காரரும் மோதினால் முன்கால்கள் ஒன்றோடொன்று சிக்கும், தலைகள் முட்டும். அந்தச் சண்டையில் வழமையைவிட ஓரடி கிட்ட நின்று, தலை குனிந்து உள்ளே வருகிறவரை முதல் தடவையே நிறுத்திச் சொல்லுங்கள். புருவம் வெடித்த பிறகு சொல்லிப் பிரயோசனம் இல்லை.

இடுப்புக்குக் கீழ் குத்து, பிடரியில் குத்து, திறந்த கையால் அறைவது, பிடித்துக்கொண்டு குத்துவது, தலையால் முட்டுவது, முதுகு காட்டுவது எல்லாம் தவறுகள். சின்னத் தவறுக்கு ஓட்டத்திலேயே எச்சரிக்கலாம். திரும்பத் திரும்பச் செய்தால் 'ஸ்டொப்' சொல்லி, என்ன தவறு என்று கையால் காட்டி, அந்த வீரரைச் சுட்டிக்காட்டி, நடுவர்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும்படி உத்தியோகபூர்வ எச்சரிக்கை கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு புள்ளி போகும். மூன்றாவது எச்சரிக்கையோடு அவர் வெளியே. தெரியாமல் கீழே குத்து வாங்கியவருக்கு எட்டு எண்ணி, தேவையானால் ஒன்றரை நிமிடம் வரை தேற விடலாம்.

எண்ணுவதும் நிறுத்துவதும்

குத்து வாங்கி விழுந்தால் மட்டுமல்ல, நின்றபடியே தடுமாறினாலும், கயிற்றில் தொங்கினாலும் எண்ண வேண்டும். மற்றவரை வெள்ளை மூலைக்கு அனுப்புங்கள். அவர் போகும்வரை எண்ணிக்கையைத் தொடராதீர்கள். நேரக்கணிப்பாளர் மேசையில் தட்டுகிற ஒவ்வொரு நொடிக்கும் ஒரு எண். விரல்களைக் குத்து வாங்கியவருடைய கண்ணுக்கு முன்னால் பிடித்து எண்ணுங்கள், அப்போது காது அடைத்துப்போனவருக்கும் எண் தெரியும். எழும்பிவிட்டாலும் எட்டு வரை எண்ணித்தான் ஆக வேண்டும். சுற்று முடிந்த மணி அடித்தாலும் எண்ணிக்கை நிற்காது.

அந்த எட்டு நொடியும் உங்களுக்குக் கிடைத்த பரிசோதனை நேரம். ஒன்று, இரண்டு என்று வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போது கண் வேறு வேலை பார்க்க வேண்டும். அவர் உங்கள் விரலைப் பார்க்கிறாரா, உங்களைத் தாண்டி எங்கேயோ பார்க்கிறாரா? கண்மணி நிலைத்து நிற்கிறதா? முழங்கால் நடுங்குகிறதா? எழும்பும்போது கயிற்றைப் பிடித்தாரா? ஆறு, ஏழு வரும்போது கைகளைத் தானாகத் தூக்கினாரா? எட்டு சொன்னதும் கையுறைகளைப் பிடித்து உங்கள் சேர்ட்டில் துடையுங்கள். தட்டிலிருந்து ஒட்டிய மண் மற்றவரின் கண்ணில் போகாமலிருக்க அது தேவை. அதே பிடியில் அவருடைய கைகளில் பலம் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். ஓரடி முன்னால் வரச் சொல்லுங்கள். நேரே வந்தால் 'பொக்ஸ்'. கால் பின்னினால், கண் பதில் சொல்லாவிட்டால், கையைத் தலைக்கு மேல் குறுக்காக அசைத்துச் சண்டையை நிறுத்துங்கள்.

விழாமல் நிற்கிறவர்கள்தான் கூடுதல் ஆபத்தில் இருப்பார்கள். வன்னிப் பிள்ளைகளிடம் தாங்கும் குணம் அதிகம். வாங்கிக்கொண்டே நிற்பார்கள், கீழே விழுவதை வெட்கமாக நினைப்பார்கள். திருப்பிக் குத்தாமல், தலையை அசைக்காமல், இரண்டு மூன்று சுத்தமான குத்துகள் தொடர்ந்து தலையில் விழுகிறதென்றால் நான்காவதுக்குக் காத்திருக்காதீர்கள். மூலையிலிருந்து குரல் வரும்: "சேர், விடுங்கோ சேர், அவன் தாங்குவான்!" தாங்குவார்தான். நாளைக்கு அவர் பாடசாலைக்கும் போக வேண்டும். ஒரு குத்து முந்தி நிறுத்திவிட்டீர்கள் என்று ஊர் ஒரு கிழமை பேசும், பேசட்டும். ஒரு குத்து பிந்தி நிறுத்தியதற்குத் திருத்தம் இல்லை.

மயங்கி விழுந்தால் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம். வைத்தியரைக் கூப்பிடுங்கள். வாயிலிருந்து கம் சீல்ட்டை எடுங்கள். வைத்தியரைத் தவிர யாரையும் உள்ளே விடாதீர்கள், பயிற்றுநர், தகப்பன், படம் எடுப்பவர் ஒருவரையும். தண்ணீர் தெளிப்பது, தூக்கி இருத்துவது, கன்னத்தில் தட்டுவது எதுவும் வேண்டாம்.

நடுவர்கள்: ஒரு சுற்றை எப்படிப் பார்ப்பது

சனத்திலிருந்து விலகி, ஒருவரோடொருவர் பேச முடியாத தூரத்தில், வளையத்தின் வெவ்வேறு பக்கங்களில் கதிரை போடுங்கள். கைத்தொலைபேசி மேற்பார்வையாளரிடம் இருக்கட்டும்.

வென்றவருக்கு 10, மற்றவருக்கு 9 அல்லது குறைவு. நெருக்கமான சுற்று 10–9, தெளிவான வெற்றி 10–8, முழு ஆதிக்கம் 10–7. சமநிலைச் சுற்று கிடையாது, யாராவது ஒருவரைத் தெரிவுசெய்ய வேண்டும். பார்க்க வேண்டியவை இந்த வரிசையில்: இலக்கில் விழுந்த தரமான குத்துகள், நுட்பத்திலும் உத்தியிலும் மேலோங்கியது யார், போட்டி மனப்பான்மை. இலக்கு என்பது தலையின் முன்பக்கமும் பக்கவாட்டும், இடுப்புக்கு மேலே உடம்பின் முன்பக்கமும் பக்கவாட்டும். கையுறையின் முட்டிப் பகுதியால் விழ வேண்டும். விழுத்தியதற்குத் தனிப் புள்ளி இல்லை, அதுவும் ஒரு நல்ல குத்துத்தான்.

ஒரு சுற்றைக் கற்பனை செய்யுங்கள். சிவப்பு மூலைப் பிள்ளை மூன்று நிமிடமும் முன்னேறிக்கொண்டே இருக்கிறார், கை ஓய்வதில்லை. ஒவ்வொரு வீச்சுக்கும் சனம் கூவுகிறது. ஆனால் கிட்ட இருந்து பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவை நீலத்தின் கையுறையிலும் முழங்கையிலும் போய் நிற்கின்றன. சத்தம் பலமாகக் கேட்பதும் அதனால்தான், தோல் தோலில் மோதுகிறது. நீலம் பின்னால் நகர்ந்துகொண்டே இடது கையை நேராக நீட்டுகிறார். சத்தமே இல்லை. ஆனால் நீட்டுகிற ஒவ்வொரு தடவையும் சிவப்பின் தலை பின்னுக்குப் போய் வருகிறது. கடைசி இருபது நொடியில் சிவப்பு இரண்டு நல்ல குத்துகளை உடம்பில் இறக்குகிறார், மைதானம் அதிர்கிறது. இந்தச் சுற்று நீலத்துக்கு, 10–9. காதால் புள்ளி போடுகிறவர் சிவப்புக்குக் கொடுத்துவிடுவார், கடைசி நொடிகளை மட்டும் ஞாபகம் வைத்திருப்பவரும் அப்படித்தான். சுற்றை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதி முடியும்போதும் 'இப்போது யார் முன்னுக்கு' என்று மனதுக்குள் ஒரு பெயரைச் சொல்லி வையுங்கள். மணியடித்தவுடன் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த சுற்றைப் பார்த்துவிட்டு முந்திய சுற்றைத் திருத்தக் கூடாது.

1988 சியோல் ஒலிம்பிக்கில் ரோய் ஜோன்ஸ் தெளிவாக ஆதிக்கம் செலுத்தியும் தோற்றதாக அறிவிக்கப்பட்டார். அதன் பிறகு கணினிப் புள்ளி முறை வந்தது, 2013இல் பத்துப் புள்ளி முறை வந்தது. 2016 ரியோவில் மீண்டும் அதே புகார்கள். முறை மாறியும் பிரச்சினை தீரவில்லை என்பதால்தான், தாளை மணியடித்தவுடனேயே வாங்கிவிட வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

நேரக்கணிப்பாளர்

இரண்டு கடிகாரம், ஒரு நல்ல மணி. சுற்றுத் தொடங்கப் பத்து நொடிக்கு முன் மூலைக்காரர்களை இறங்கச் சொல்ல வேண்டும். முடியப் பத்து நொடிக்கு முன் மேசையில் தட்ட வேண்டும். மத்தியஸ்தர் 'டைம்' என்று சொன்னால் கடிகாரத்தை நிறுத்தி, 'பொக்ஸ்' என்றதும் ஓட விட வேண்டும். இந்த வேலையைச் சண்டையைப் பார்க்க ஆசைப்படாத ஒருவரிடம் கொடுங்கள்.

முடிவும் அதற்குப் பிறகும்

கையுறைகளைக் கழற்றிய பிறகு இருவரையும் நடுவில் நிறுத்தி, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அறிவிப்புக்குக் காத்திருங்கள். அறிவித்த பிறகுதான் கை உயர வேண்டும். உங்கள் முகத்தில் முடிவு முன்கூட்டியே தெரியக் கூடாது. ஆட்சேபனை இருந்தால் எழுத்தில் மேற்பார்வையாளரிடம். மேடையடியில் வாக்குவாதத்துக்குப் போகாதீர்கள்.

தலையில் வாங்கிய குத்தால் தோற்றவர்களையும், சண்டை நிறுத்தப்பட்டவர்களையும் வைத்தியர் அன்றே மறுபடி பார்க்க வேண்டும். குறைந்தது முப்பது நாள் போட்டியும் இல்லை, பயிற்சியில் குத்து வாங்குவதும் இல்லை. மயங்கியிருந்தால் இன்னும் நீளும். திகதியோடு அவருடைய பதிவுப் புத்தகத்தில் எழுதி, கழகத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் பக்கத்து மாவட்டத்தில் வேறொரு கழகத்தின் பெயரில் ஆடுவார்.

அந்தப் பிள்ளையைத் தனியே பஸ்ஸில் அனுப்ப வேண்டாம். பயிற்றுநரோ உறவினரோ கூடப் போகட்டும். அவர்களிடம் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள்: தலையிடி கூடிக்கொண்டே போனால், திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தால், எழுப்பக் கஷ்டமாக நித்திரை கொண்டால், பேச்சுக் குழறினால், ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தால், விடியட்டும் என்று இருக்காமல் உடனே வைத்தியசாலைக்கு. ஒட்டுசுட்டானிலிருந்தும் துணுக்காயிலிருந்தும் நெடுங்கேணியிலிருந்தும் வருகிற பிள்ளைகளுக்குக் கிட்டிய பெரிய வைத்தியசாலை வெவ்வேறு. ஒவ்வொருவருக்கும் அதன் தொலைபேசி இலக்கத்தையும், இரவில் வாகனம் பிடிக்கக்கூடிய ஒருவரின் இலக்கத்தையும் அதே துண்டில் எழுதுங்கள்.